மண்டபத்து ஆமை

தை மாதக் கடைசியில், இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவே கல்யாணம் இல்லாத ஒரு புதன்கிழமையில், துளசிங்கம் தன் மண்டபத்துக்கு ஆமையைக் கொண்டுவந்து இறக்கினார். பழவேற்காட்டிலிருந்து குட்டி யானை வண்டியில், ஈரச் சாக்கு சுற்றி வந்தது. சாக்கைப் பிரித்ததும் கல்யாணச் சாம்பார் அண்டாவின் மூடி அளவுக்கு ஓடு தெரிந்தது. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் துடுப்புகள் இருந்தன. அவற்றை அது சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டது.

“பெருமாள் வந்துகிறாரு பாரு, பூவம்மா. விழுந்து கும்புடு,” என்றார் துளசிங்கம்.

பூவம்மாள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள்.

சுந்தரவல்லி மஹால் திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் இருந்தது. மலைக் கோயிலில் தாலி கட்டிவிட்டுக் கீழே வந்து சாப்பாடு போடுகிறவர்களை நம்பிக் கட்டிய மண்டபம். துளசிங்கத்துக்குப் பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் பட்டறை உண்டு. அதில் தறி ஓட்டிய பூவம்மாளின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போன பதினாறாம் நாள், துளசிங்கமே வீட்டுக்கு வந்து, “நாளையிலேர்ந்து மண்டபத்தப் பெருக்கிக் கழுவ வந்துடு. ஒன் பொண்ணு கல்யாணம் நம்ப மண்டபத்துலதான். வாடகையெல்லாம் பேசாத,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. வருகிற வைகாசியில் புவனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நவீன்குமார் அரக்கோணத்தில் ரயில்வே ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வெல்டர். பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் பார்த்துத்தான் அவன் வீட்டார் பூவம்மாளைச் சம்பந்தி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மண்டபத்தின் முன்வாசலில் நீரூற்றுக்கென்று கட்டிய தொட்டி ஒன்று பல வருஷமாகச் சருகு நிரம்பிக் கிடந்தது. ஆமையை அதில்தான் விட்டார்கள். மண்டபத்துக்குக் காவல்காரன், மேனேஜர், எலக்ட்ரீஷியன் எல்லாமே கண்ணையன்தான். அவன் ஆமையின் ஓட்டைத் துணியால் துடைத்து, பெயர்ப்பலகைக்கு வாங்கி மிஞ்சியிருந்த பெயிண்டால் பெரிய நாமம் போட்டான். பெயிண்ட் காயும்வரை ஆமையை வெயிலில் வைத்திருந்தார்கள்.

நான்காம் நாள் தொட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கிடப்பதைப் பூவம்மாள் பார்த்தாள். யாரோ பிள்ளைகள் பந்துகளைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கையை விட்டு எடுத்தாள். தோல் முட்டை. நூற்றுக்கு மேல் இருக்கும். கண்ணையன் அவற்றில் ஒரு தட்டு எடுத்து மஞ்சள் குங்குமம் தடவி வைத்தான். அடுத்த முகூர்த்தத்துக்கு நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தில் பிள்ளையில்லாத பெண்கள் ஏழெட்டுப் பேர் அதைப் பிரசாதமாக வாங்கி, பச்சையாகவே வாயில் உடைத்து விழுங்கினார்கள். மிச்சம் தொட்டியிலேயே அழுகியது. பூவம்மாள் அதை வாரிப் பின்பக்கம் எச்சில் இலை போடும் வாழைக்குழியில் கொட்டினாள்.

மாசி முழுக்க மண்டபத்துக்குக் கூட்டம். ஆமையோடு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் தொட்டிக்கு முன்னால் நிற்க, இரண்டு ஆட்கள் ஆமையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கழுத்தில் மாலையைப் போட்டு அவர்களுக்கு நடுவில் பிடித்துக்கொள்வார்கள். போட்டோகிராபருக்கு ஒரு படம் போதாது. கீழே இறக்கும்போது ஆமையின் கண்ணோரத்தில் கெட்டியாகத் தண்ணீர் கட்டி நிற்கும். சாமி அழுகிறது என்று சொல்லி, பெண்கள் அதை விரலில் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தின்ன வடை போட்டார்கள், வாழைப்பழம் போட்டார்கள், கேசரி போட்டார்கள். ஆமை எதையும் தொடவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கு முந்தைய நாளும் தொட்டியைக் காலி செய்து, ஊறிப்போன வடையையும் குங்குமச் சேற்றையும் வழித்துப் போட்டு, போர்த் தண்ணீர் பிடித்து நிரப்புவது பூவம்மாளின் வேலை.

அப்படிக் கழுவும்போதுதான் அதன் மூக்கைப் பார்த்தாள். முனை தேய்ந்து சதை தெரிந்தது. நாள் முழுவதும் அது தொட்டியின் ஒரே சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தது. திருப்பி விட்டாலும் சுற்றிக்கொண்டு அதே சுவருக்குத்தான் வந்தது.

“இது ஏன் இப்டி முட்டிக்குது?” என்று கண்ணையனைக் கேட்டாள்.

“பிரதட்சணம் பண்ணுது,” என்று அவன் சிரித்தான்.

பங்குனி பிறப்பதற்கு முந்தைய கடைசி முகூர்த்தத்துக்கு அனுராதா என்ற பெண் வந்திருந்தாள். பொண்ணு வீட்டுக்காரர்களின் உறவு. பொன்னேரியில் மீன்வளம் படிக்கிறவள். எல்லாரும் பந்திக்குப் போனபின் அவள் மட்டும் தொட்டி ஓரத்தில் குந்திக்கொண்டிருந்தாள். பூவம்மாள் எச்சில் இலைக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தபோது அவள் அழுதிருப்பது தெரிந்தது.

“இது ஏரி ஆமை இல்லக்கா. கடல் ஆமை. பங்குனி ஆமைன்னு சொல்லுவாங்க. முட்டை போடறதுக்குக் கரைக்கு வரும்போது வலையில மாட்டியிருக்கும். முட்டை போட்டுதா இங்க?”

“ஆங். போட்டுச்சி.”

“என்ன பண்ணீங்க?”

பூவம்மாள் சொன்னாள். அனுராதா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இதுக்கு உப்புத் தண்ணி வேணும்க்கா. நல்ல தண்ணியில போட்டா கொஞ்சம் கொஞ்சமாதான் சாவும். கண்ணு போவும், தோலு அழுவும். நண்டு, எறா இதெல்லாம் தின்னும். வடை தின்னாது. இத வச்சிருந்தா ஜெயிலு, தெரியுமா ஒங்க மொதலாளிக்கு?”

“நீயே சொல்லேம்மா அவருகிட்ட.”

அனுராதா போய்ச் சொன்னாள். பூவம்மாள் தூணோரம் நின்று பார்த்தாள். துளசிங்கம் கோபப்படவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, “படிச்ச புள்ள, நல்லா பேசற. மொதல்ல சாப்புடு கண்ணு,” என்றார். அதற்குள் அவள் அப்பா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். வந்த இடத்தில் மானத்தை வாங்குகிறாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கிளம்பும்போது அனுராதா ஒரு தாம்பூலப் பையின் மேல் வனத்துறை நம்பரை எழுதிப் பூவம்மாள் கையில் திணித்தாள். “நானும் காலேஜ்லேர்ந்து கம்ப்ளெயின்ட் பண்றேன்க்கா. ஒரு வாரத்துல வந்துடுவாங்க,” என்றாள்.

ஒரு வாரம் போயிற்று. பங்குனி பாதி போயிற்று. யாரும் வரவில்லை.

ஆமையின் கண்கள் மேல் வெள்ளையாகப் படலம் விழுந்தது. கழுத்துத் தோல் சுண்ணாம்பு உரிவதுபோல் உரிந்தது. பூவம்மாள் யாரிடமும் சொல்லாமல் உப்புப் போட ஆரம்பித்தாள். சமையல்கூடத்தில் கல்லுப்பு மூட்டை இருந்தது. காலையில் பெருக்க வரும்போது முந்தானையில் இரண்டு படி அள்ளிவந்து தொட்டியில் கரைப்பாள். எவ்வளவு போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. போட்ட உப்பெல்லாம் அடுத்தமுறை தொட்டியைக் கழுவும்போது அவள் கையாலேயே சாக்கடைக்குப் போனது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

பிறகு ஒருநாள் ஏரிக்கால்வாயில் இறங்கி, சேற்றுப் பொந்துகளில் கையை விட்டு ஆறு நண்டு பிடித்துவந்தாள். ஆமையின் வாய்க்கு நேராக ஒன்றை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அது வாயைத் திறந்து, நண்டைக் கடித்து, நொறுக்கென்று மென்றது. பூவம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறையும் தின்றது. அந்தச் சத்தத்தைப் புவனாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை. அதன்பின் கிடைத்த நாளெல்லாம் நண்டு கொண்டுவந்து போட்டாள்.

சித்திரையின் முதல் கல்யாணத்தன்று மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் தொட்டித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளக் கையை விட்டபோது நண்டுக் கொடுக்கு ஒன்று கையோடு வந்தது. பெருமாள் இருக்கிற இடத்தில் கவுச்சியா என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. அதே நேரம் தலைமைச் சமையல்காரர் சாம்பாருக்கு உப்புப் பற்றவில்லை என்று மூட்டையைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டையும் கண்ணையன்தான் சேர்த்துச் சொன்னான். காலையில் பூவம்மாள் முந்தானையில் எதையோ கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு துளசிங்கம் சமையல் ஆட்கள் எல்லாரையும் தொட்டியருகே கூப்பிட்டார். நடுவில் பூவம்மாள் நின்றாள்.

“உப்ப இன்னா பண்ண?”

“இதுலதாங்க போட்டேன் மொதலாளி. இது கடல் ஆமை. அந்தப் பொண்ணு சொல்லிச்சி. உப்புத் தண்ணி இல்லன்னா செத்துடுமாம்.”

“வூட்டுக்கு எடுத்துகினு போவல?”

“சாமி சத்தியமா இல்லீங்க.”

“ஒரு மாசமா போட்டியா?”

“ஆங்.”

துளசிங்கம் கண்ணையனிடம் டம்ளர் கேட்டார். தொட்டியில் முக்கி நிரப்பி அவளிடம் நீட்டினார். குங்குமத்தின் சிவப்பும் பாசியும் கலந்த தண்ணீர்.

“குடி. உப்பு கரிக்குதான்னு நீயே சொல்லு. கரிச்சா நான் திருடின்னு நெனச்சது தப்பு. எல்லாரு முன்னாலயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

பூவம்மாள் குடித்தாள். முந்தைய நாள்தான் தொட்டியைக் கழுவி நிரப்பியிருந்தாள். காலையில் போட்ட இரண்டு படி உப்பு அவ்வளவு தண்ணீரில் எந்த மூலைக்கு?

“முழுசா குடி.”

முழுவதும் குடித்தாள்.

“உப்பா இருக்குதா?”

“இல்லீங்க,” என்றாள்.

சமையல் ஆட்களில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். துளசிங்கம் சிரிக்கவில்லை. “வயித்தக் கட்டி வாழறவ, கல்யாண வீடு வேற வருது, ரெண்டு படி உப்பு எடுத்தா இன்னா? கேட்டா குடுத்திருப்பேனே,” என்று மெதுவாகத்தான் சொன்னார். “போ. ஒன் பொண்ணு கல்யாணம் இங்கதான் நடக்கும். நான் சொன்னா சொன்னதுதான்.”

சாயங்காலம் அந்தச் செய்தி அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

“உப்பு திருடினியா?” என்று புவனா கேட்டாள்.

“ஆமைக்குப் போட்டேன்டி.”

“அதுக்கு நீ திருடினேன்னே சொல்லியிருக்கலாம். நாளிக்கி அவங்க வூட்ல தெரிஞ்சா, பொண்ணோட அம்மாவுக்குப் பைத்தியம்னு சொல்லுவாங்க.” புவனா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பத்து நாள் பூவம்மாள் தொட்டிப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. கழுவுகிற அன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவினாள். பதினோராம் நாள் ஆமை சுவரில் முட்டுவதை நிறுத்திவிட்டது. தண்ணீரில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. தலையைத் தூக்கி மூச்சு வாங்கும்போது கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளந்தது. தொடையில் தோல் உரிந்த இடத்தில் ஈ மொய்த்தது.

மறுநாள் காலை புவனா குளிக்கப் போனதும், அவளுடைய போனை எடுத்துத் தாம்பூலப் பையில் இருந்த நம்பரை அழுத்தினாள். அவளுடைய சொந்த போனுக்குக் காசு போட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. எடுத்த ஆளிடம் மண்டபத்தின் பெயர், சாலை, ஆமை எல்லாம் சொன்னாள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்கு, மறைக்கத் தெரியாமல் அதையும் சொன்னாள். பார்க்கிறோம் என்றார்கள்.

மத்தியானம் அந்த நம்பரிலிருந்து திருப்பிக் கூப்பிட்டார்கள். போன் புவனாவிடம் இருந்தது. “பூவம்மாளுங்களா? வனத்துறையிலேர்ந்து பேசறோம், ஆமை விஷயமா நாளைக்குக் காலைல வரோம். மண்டபம் பஸ் ஸ்டாண்டிலேர்ந்து எவ்ளோ தூரம்?” என்று ஓர் ஆண் குரல் கேட்டது. புவனா தூரத்தைச் சொன்னாள். போனை வைத்தாள். தலை சீவிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நேராகத் துளசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள்.

பூவம்மாள் வேலை முடிந்து வந்தபோது மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் போயி சொன்னேன்,” என்றாள் புவனா. “மறைக்க மாட்டேன். நைனா செத்தப்ப நம்மள யாரு பாத்தாங்க? அவரு ஜெயிலுக்குப் போனா இந்தக் கல்யாணம் நடக்குமா? எனக்கு வேற எவன் வருவான்? நீயே சொல்லு. ஒனக்கு அந்த ஆமை பெருசா, நான் பெருசா?”

பூவம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“நீதான்,” என்றாள்.

“அப்பன்னா நாளிக்கி அவங்க வந்து கேட்டா, அத சொல்லு.”

மறுநாள் வனத்துறை ஜீப் வருவதற்கு முன்பே தொட்டி காலியாகியிருந்தது. தரையைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து, பிளாஸ்டிக் தாமரை இரண்டு மிதக்கவிட்டிருந்தார்கள். ஆமையோடு எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைக் கண்ணையன் கழற்றிவிட்டான். ஆமையைச் சமையல்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் விறகுக் கொட்டகையில் மல்லாத்திப் போட்டு, மேலே வாழை மட்டைகளை அடுக்கியிருந்தான். மல்லாத்திப் போட்டால் நகராது என்று துளசிங்கம் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அதிகாரி ஒருவர், கூட ஒரு வனக் காவலர். துளசிங்கம் இளநீர் வெட்டச் சொன்னார். “ஏரி ஆமை ஒண்ணு யாரோ கொண்டாந்து வுட்டாங்க சார். மாசியிலயே செத்துப்போச்சி. அப்ப எடுத்த போட்டோதான் சுத்திகினு கீது,” என்றார்.

“ஏரி ஆமையும் வைக்கக் கூடாதுங்க,” என்றார் அதிகாரி. குரலில் அதட்டல் இல்லை. அவர் மண்டபத்தைச் சுற்றி நடந்து பின்பக்கம் வந்தார். கொட்டகைக்கும் அவருக்கும் இடையில் நாலு எட்டு இருக்கும். புவனாவும் வந்திருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றாள்.

“பூவம்மாள் யாரு? நீங்கதான போன் பண்ணீங்க?”

“ஆங், நான்தாங்க.”

“கடல் ஆமைன்னு சொன்னீங்களே. எங்க இருக்கு?”

கொட்டகைக்குள் சரக், சரக் என்று மட்டை உராய்ந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி சரக் என்றது.

“என்ன சத்தம் அது?”

“பெருச்சாளிங்க சார். வெறவுக்குள்ள குடும்பமே நடத்துது,” என்றான் கண்ணையன்.

அதிகாரி பூவம்மாளைப் பார்த்தார். புவனாவின் விரல்கள் அவள் முழங்கையை இறுக்கின.

“ஏரி ஆமைதாங்க,” என்றாள் பூவம்மாள். “எப்பவோ செத்துப்போச்சி. எனக்கு வெவரம் தெரியாது. உப்பு திருடிட்டேன்னு மொதலாளி திட்டனாரு, அந்தக் கோவத்துல போன் பண்ணிட்டேன்.”

அவளுக்கு உள்ளே அவ்வளவு பொய் இருந்ததே அன்றுதான் தெரிந்தது. காவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியும். போட்டாள். பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்று அதிகாரி எச்சரித்தார். இளநீரைக் குடித்துவிட்டு ஜீப் போயிற்று.

அவள் கொட்டகைக்கு ஓடினாள். மட்டைகளை வாரி எறிந்தாள். ஆமையின் வயிற்றுப்பக்கம் வெளுப்பாக மேலே தெரிந்தது. துடுப்பு விறகில் அடித்து அடித்துக் கிழிந்திருந்தது. விறகுக் கட்டை ஒன்றை அடியில் கொடுத்து நெம்பி, ஒரு வழியாகப் புரட்டினாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். படலம் விழுந்த கண்ணை அது ஒருமுறை மூடித் திறந்தது.

துளசிங்கம் காரில் ஏறப்போகும்போது போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வண்டி குடுங்க மொதலாளி. நான் சொல்லிட்டேனே, நீங்க சொன்னமாரியே சொல்லிட்டேனே. பழவேற்காட்டுல வுட்டுட்டு வந்துடறேன். உசுரு கீது.”

“வழியில செக்போஸ்ட்டுல நிறுத்தினா? இன்னிக்கி வேணாம்,” என்று அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். “கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாளு. அத கவனி.”

அக்கினி நட்சத்திர வெயில். கொட்டகைக்குத் தகரக் கூரை. தொட்டியில் திரும்ப விடுவதற்குத் தூக்க ஆள் வரவில்லை. இரண்டு நாள் குடம் குடமாக ஊற்றினாள். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. கண்ணையன் வாழைக்குழியை ஆழப்படுத்தினான். இருவரும் இழுத்துப்போய்த் தள்ளினார்கள். நாமம் மங்காமல் இருந்தது.

“இன்னாக்கா, ஆமைக்குப் போயி,” என்றான் கண்ணையன். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “எம்மேல கோவமா?”

“ஒன்மேல இன்னா,” என்றாள்.

புவனாவின் கல்யாணம் சொன்ன தேதியில், சொன்ன மண்டபத்தில் நடந்தது. மலையில் தாலி கட்டிவிட்டு ஐந்து வேனில் இறங்கிவந்தார்கள். புவனா அரக்குப் பட்டில் அழகாக இருந்தாள். துளசிங்கம் மேடையேறி மாப்பிள்ளையின் அம்மாவிடம், “பூவம்மாவாட்டம் நல்ல மனசு யாருக்கு வரும்? குடுத்து வச்சவங்க நீங்க,” என்றார். பூவம்மாள் பந்தியில் எல்லாரையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். கை கழுவ வந்த இடத்தில் புவனா அவளைத் தனியாகப் பிடித்து, “சந்தோஷமாகீறியாம்மா?” என்று கேட்டாள்.

“ஆங்.”

“அப்பன்னா ஏன் எம்மூஞ்சிய பாக்கவே மாட்டன்ற?”

பூவம்மாள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உடனே புவனாவுக்குக் கண் கலங்கியது. யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

அடுத்த தை வந்தது. தொட்டிக்கு நீலப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். ஆமை வந்த வருஷம் மண்டபத்துக்கு நல்ல ராசி என்று துளசிங்கம் நினைத்தார். பழவேற்காட்டு ஆளிடம் இன்னொன்று சொல்லி வைத்திருப்பதாகக் கண்ணையன் சொன்னான்.

பூவம்மாள் கடைக்குப் போய்த் தன் போனுக்குக் காசு போட்டாள். வனத்துறைக்குக் கூப்பிட்டாள். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“நீங்கதான போன வருஷம் கோவத்துல பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்தது? பெரிய மனுஷனைப் பழிவாங்க எங்கள இழுக்காதீங்கம்மா. அடுத்த தடவை கேஸ் ஒங்க மேலதான் வரும்.”

மறுநாள் விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்தாள். சென்னையில் வண்டி மாறிப் பொன்னேரியில் இறங்கினாள். பஸ்ஸில் பழவேற்காடு போய்ச் சேரும்போது உச்சிவெயில் ஆகிவிட்டது. ஆமை கொண்டுவந்த வண்டிக்காரன் சுப்பன் என்றொரு பெயரைப் போன வருஷம் சொன்னது நினைவில் இருந்தது. விசாரித்துக்கொண்டு பாலம் தாண்டி, மணலில் நடந்து, கடலோரக் குப்பத்துக்குப் போனாள். நாற்பத்தொன்பது வயதில் அப்போதுதான் கடலைப் பார்த்தாள். அதன் இரைச்சல் அவளுக்குப் பயமாக இருந்தது.

சுப்பன் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது இருக்கும். அவள் யார் என்று சொன்னதும் எழுந்து அவளுக்கு நிழலில் இடம் கொடுத்தான்.

“அந்த மண்டபத்துக்கு ஆமை குடுக்காதப்பா. ஒனக்குப் புண்ணியமா போவும். போன வருஷம் குடுத்தது மூணு மாசம் துடிச்சி துடிச்சி செத்துச்சி. கடல்ல வுட்டிருந்தா பொழச்சிருக்கும்.”

“கடல்லயா?” என்றான் சுப்பன். “நீ கடல்கரைப் பக்கம் வந்ததே இல்லியா?”

“இல்ல.”

“விடியக்காலையிலதாம்மா ஒண்ணு அனுப்பினேன், ஒங்க மண்டபத்துக்கு. இந்நேரம் போயி சேந்திருக்கும். இந்த மாசம் உசுரோட கெடச்சது அது ஒண்ணுதான்.”

அவள் பஸ் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“வா, காட்டறேன்,” என்று அவன் முன்னால் நடந்தான். படகுகளைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டிக் கரை வெறிச்சோடி நீண்டது. முதலில் நாற்றம் வந்தது. பிறகு ஆமைகள். அலை ஒதுக்கிய வரிசையில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, மணலில் பாதி புதைந்தும் புதையாமலும் கிடந்தன. சிலது ஊதி வெடித்திருந்தன. நாய்கள் ஒன்றின் வயிற்றைக் கிழித்து முட்டைகளை இழுத்துத் தின்றன.

“பெரிய விசைப்படகு இழுவலை போட்டு மணிக்கணக்கா இழுப்பான். இதுங்க மேல வந்து மூச்சு வாங்கணும். வலைக்குள்ள மாட்டினா எங்க வாங்கும்? தப்பிச்சிப் போற மாதிரி வலையில வழி வைக்கணும்னு சட்டம் இருக்கு. வச்சா எறாவும் ஓடிடும்னு எவனும் வைக்கறதில்ல. ஆபீசருங்க வந்து குழி தோண்டிப் பொதச்சிட்டுப் போவாங்க. நாளைக்கு மறுபடி ஒதுங்கும்.” அவன் மணலைக் காலால் கீறினான். “உசுரோட ஒண்ணு கெடச்சா, எங்கியாவது சாமியா இருக்கட்டுமேன்னுதான் குடுக்கறேன். துட்டும் வருது, பொய் சொல்லல. நான் தரலன்னா வேற ஒருத்தன் தருவான் அவருக்கு.”

பூவம்மாள் முதல் ஆமையிடம் போய்க் குனிந்தாள். கழுத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கண் இருந்த இடத்தைக் காக்கை தின்றிருந்தது. இரண்டாவதிடம் போனாள். துடுப்பைத் தூக்கி விட்டாள். அது விழுந்தது. மூன்றாவது மல்லாந்து கிடந்தது. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, முக்கிப் புரட்டினாள்.

“எல்லாம் செத்ததும்மா,” என்று சுப்பன் பின்னாலிருந்து கத்தினான். “ஒண்ணும் உசுரோட இருக்காது. பஸ்ஸு போயிடப் போவுது, வா.”

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுத்ததைப் பார்க்கப் போனாள்.